ஜொகூர் பாருவில் அடிபட்டு வீடு பிடித்தது

சிங்கப்பூரை விட்டு வடக்கே வந்த ரயில் திடீரென்று கடலுக்குள் இறங்கியது. இறங்கியது என்றுதான் நான் நினைத்தேன். ஜன்னலுக்கு இந்தப் பக்கமும் தண்ணீர், அந்தப் பக்கமும் தண்ணீர். ஊரார் நாடியெல்லாம் பிடித்துப் பார்த்த என் நாற்பத்தாறு வயதுக் கை, எதிரே இருந்த சீனரின் சட்டைக் கையை இறுகப் பற்றிக்கொண்டது. அவர் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தார். எனக்கும் அதில் ஆசை என்று எண்ணினார் போலும்; நாலு சுளை பிய்த்துக் கொடுத்தார். நான் தின்று முடிப்பதற்குள் ரயில் கரையேறிவிட்டது. கடலுக்குக் குறுக்கே கல்லைக் கொட்டிப் பாதை போட்டிருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. ஜொகூர் மண்ணை நான் மிதித்தது இப்படித்தான், இன்னொருவர் பழத்தை வாயில் வைத்துக்கொண்டு.

மாயவரத்தில் ஒரு டாக்டரிடம் பதினெட்டு வருஷம் கம்பவுண்டராக இருந்தேன். டாக்டர் கண்ணை மூடியதும் டிஸ்பென்ஸரியும் கதவை மூடிக்கொண்டது. ஜொகூர் பாருவில் ஒரு மருந்துக் கடையோடு சேர்ந்த டிஸ்பென்ஸரிக்கு ஆள் வேண்டும் என்று தெரிந்தவர் ஒருவர் மூலம் கடிதம் வந்தது. வேலை நிச்சயம். வீடு மட்டும் நானே பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதில்தான் விஷயம் இருந்தது. என் மகள் சாவித்திரிக்குப் பதினாலு வயது. ஐந்து வருஷமாக வலிப்பு உண்டு. போன ஐப்பசியில் நான் டிஸ்பென்ஸரியில் ஊருக்கெல்லாம் மருந்து கலக்கிக்கொண்டிருந்தபோது, வீட்டில் அவள் கிணற்றடியில் விழுந்துவிட்டாள். என் மனைவி மங்களம் போட்ட ஒரு கூச்சலுக்கு அடுத்த வீட்டம்மாள் மாவுக் கையோடு ஓடிவந்து, பெண்ணை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டாள். இல்லாவிட்டால் தலை கல்லில் மோதியிருக்கும். ஆகையால் மாயவரம் ரயிலடியில் மங்களம் சொன்னது ஒன்றுதான்.

"ஓலை வீடோ ஓட்டு வீடோ, எனக்குக் கவலையில்லை. நான் கூப்பிட்டா ஓடி வர்றதுக்கு ஆள் இருக்கணும். அப்படி ஒரு இடம் கிடைச்சாத் தந்தி அடிங்க. கிடைக்கலேன்னா நீங்க மட்டும் இருந்து சம்பாதிங்க. முன்பின் தெரியாத ஊர்ல நான் யாரை, எந்தப் பாஷையில கூப்பிடுவேன்?"

அவள் அண்ணன் கப்பலில் இடம் சொல்லி வைத்திருந்தார். செவ்வாய்க்கிழமைக்குள் என் தந்தி போய்ச் சேராவிட்டால் அந்த இடம் வேறொருவருக்கு. நான் ஜொகூர் பாருவில் இறங்கியது வியாழக்கிழமை சாயங்காலம்.

ரயிலடிக்கு அந்தோணி வந்திருந்தார். மாயவரத்துக்காரர்தான், பதினைந்து வருஷமாக இங்கே ஒரு காண்டிராக்டரிடம் கிராணி, அதாவது குமாஸ்தா. ஊரில் இருந்தபோது ஒல்லியாக, வாய் திறக்காதவராக இருந்தவர். இப்போது இரண்டும் மாறிவிட்டன; பேச்சுக்குப் பேச்சு "லா" என்று ஒரு மலாய் வால் வேறு.

மறுநாள் வெள்ளிக்கிழமை. குளித்து, திருநீறு பூசி, புதுக் கோட்டு மாட்டிக்கொண்டு டிஸ்பென்ஸரிக்குப் போனேன். பூட்டியிருந்தது. எதிரே இருந்த சர்க்கார் கச்சேரியும் பூட்டியிருந்தது. அதற்கடுத்த ஆபீசும் பூட்டு. என் முதலாளி ஓடிப்போய்விட்டார் என்று முதலில் நினைத்தேன். ஊரே ஓடிப்போய்விட்டது என்று அடுத்ததாக நினைத்தேன். காலரா வந்து ஜனங்கள் காலி செய்திருப்பார்கள் என்று தோன்றியபோது என் நாடியை நானே பிடித்துப் பார்த்துக்கொண்டேன். அது குதிரை ஓடுவதுபோல் ஓடியது. நான் தங்கியிருந்த அந்தோணியின் அறைக்கு ஓட்டமாகத் திரும்பினேன். அந்தோணி கைலியோடு உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"அலமாக்! வெள்ளிக்கிழமை லீவு லா இங்க. ஞாயித்துக்கிழமைதான் வேலை. நான் வேதக்காரன், எனக்கே ஞாயித்துக்கிழமை லீவு இல்ல. விடியக்காலைப் பூசையைப் பாத்துட்டு ஓடுறேன். நீங்க எதுக்குக் கோட்டைப் போட்டுக்கிட்டு ஓடியாந்தீங்க?"

கோட்டை அவிழ்க்காமலே வீடு பார்க்கப் புறப்பட்டோம். முதலில் காப்பி. நம் ஊரில் காப்பி என்றால் பால்தான், நிறத்துக்குக் கொஞ்சம் காப்பி. இங்கே காப்பி என்றால் கறுப்பு. அதற்கு அடியில் டின்பால் ஒரு விரல் உயரத்துக்குப் படுத்துக் கிடக்கிறது. கலக்காமல் குடித்துவிட்டுக் கசக்கிறது என்றேன். கடைக்காரச் சீனர் என் முகத்தைப் பரிதாபமாகப் பார்த்து, தாமே கரண்டியால் கலக்கிவிட்டுப் போனார். தேங்காய்ப்பாலில் வெந்த சோறும் பொரித்த நெத்திலியும் வாழையிலைப் பொட்டலத்தில் வந்தன. இரண்டு பொட்டலம் சாப்பிட்டேன். பயம் வந்தால் எனக்குப் பசி அதிகம்.

அந்தோணி காட்டிய முதல் வீடு கடற்கரைப் பக்கத்துக் கடைத்தெருவில், மாடியில். காற்று வந்தது. ஜலசந்தியும் அக்கரையில் சிங்கப்பூரும் தெரிந்தன. ஜனங்களும் ஏராளம், கூப்பிட்டால் இருநூறு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். வெகு சந்தோஷமாகக் கீழே இறங்கி வந்து, கீழ்க்கடையில் என்ன வியாபாரம் என்று எட்டிப் பார்த்தேன். சவப்பெட்டி. பெரிதும் சிறிதுமாக, மெருகு போட்டு, வரிசையாக நிறுத்தி வைத்திருந்தார்கள்.

"நல்ல மரம் லா," என்றார் அந்தோணி.

"அந்தோணி, நான் மருந்து கொடுக்கிறவன். மேலே நான், கீழே இவர். ஜனங்கள் என்ன நினைப்பார்கள்?"

"கூட்டு வியாபாரம்னு நினைப்பாங்க."

கடைக்காரர் மட்டும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். என் உயரத்தை அளந்தாரோ என்று இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்.

சனிக்கிழமை முதலாளியிடம் திங்கட்கிழமை வேலையில் சேர்கிறேன் என்று சொல்லிவிட்டு, குன்றின்மேல் ஒரு வீடு பார்க்கப் போனேன். அங்கே போக ஒரு குட்டி பஸ் உண்டு. ஏழெட்டுப் பேர் கொள்ளும், பதினைந்து பேர் ஏறுவார்கள். எல்லாரும் அதைக் கொசு பஸ் என்றார்கள். எனக்குப் பகீரென்றது. இந்த நாட்டில் நான் பயந்துகொண்டிருந்தது புலிக்கோ முதலைக்கோ அல்ல, கொசுவுக்குத்தான். கப்பலில் குளுவாங் பக்கத்துத் தோட்டத்து டிரசர் ஒருவர் கூட வந்தார். நம் ஊர்க் கம்பவுண்டருக்கு இங்கே டிரசர் என்று பெயர். மலேரியாக் காய்ச்சலைப் பற்றி அவர் சொன்னதைக் கேட்டு நான் மூன்று நாள் சரியாகத் தூங்கவில்லை. "ஒரு இடத்துல காய்ச்சல் இருக்கான்னு தெரியணுமா? ஆளுங்களைக் கேட்காதீங்க. வாடகைக்கு விடுறவன் இல்லேம்பான். சின்னப்புள்ளைங்க வயித்துல இடது விலாவுக்குக் கீழ அமுக்கிப் பாருங்க. மண்ணீரல் கட்டியாத் தட்டுச்சுன்னா மூட்டையைக் கட்டிக்கிட்டுக் கிளம்புங்க" என்று சொல்லிக் கொடுத்திருந்தார். வீடு பார்க்க இதைவிட நல்ல வழி உண்டா?

கொசு பஸ் ஏற்றத்தில் பாதி தூரம் போய் நின்றுவிட்டது. எல்லாரும் இறங்கித் தள்ளினோம். கோழிக் கூடையோடு வந்த மலாய்க்காரர் கூடையை என் கையில் கொடுத்துவிட்டுத் தள்ளினார். பஸ் கிளம்பிவிட்டது, நான் கோழிகளோடு நடுரோட்டில். அரை பர்லாங் ஓடி ஏறினேன். கோழிகள் என்னைவிட அமைதியாக இருந்தன.

குன்றில் யாழ்ப்பாணத்துக்காரர் பொன்னம்பலம் என்பவர் சர்க்கார் உத்தியோகத்தில் இருந்தார். அடுத்த வீடு காலி.

"வாருங்கோ, இருங்கோ. தேத்தண்ணி குடிப்பியள்தானே?" என்று அருமையாக உபசரித்தார். என் பரீட்சையைச் சொன்னதும் தம் பிள்ளைகள் மூவரையும் வரிசையாக நிறுத்தினார். மூன்று வயிறும் பஞ்சு மெத்தை. கட்டி கிடையாது. சாக்கடை சிமெண்டு போட்டுச் சுத்தமாக ஓடியது. ஒவ்வொரு வீட்டுக்கும் வேலி, ஒவ்வொரு வேலிக்கும் பூட்டு.

"இஞ்ச ஒருத்தரும் ஒருத்தரையும் கரைச்சல் படுத்த மாட்டினம்," என்றார் பெருமையாக. யாராலும் தொந்தரவே கிடையாதாம்.

மங்களம் ரயிலடியில் சொன்னது அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது. வீட்டைச் சுற்றிப் பார்க்கிற சாக்கில் பின்கட்டுக்குப் போனேன். கூப்பிட்டுப் பார்த்துவிடுவது என்று தீர்மானித்தேன். வெட்கமாக இருந்தது. முதலில் இருமினேன். பிறகு "யாரங்கே?" என்றேன். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு "ஐயோ!" என்று ஒரு சத்தம் கொடுத்தேன். ஒரு நாய் வந்தது. என்னைப் பார்த்துவிட்டு, கவலைப்பட ஒன்றுமில்லை என்று முடிவு செய்து போய்விட்டது. நாற்பது அடி தள்ளி விறாந்தையில் பொன்னம்பலம் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். போய், ஏதாவது சத்தம் கேட்டதா என்று விசாரித்தேன்.

"ஓம், கேட்டது. ஏதோ உங்கட சொந்த விசயமாக்கும் எண்டு விட்டிட்டன்."

நல்ல மனிதர். கூப்பிட்டு, காரணமும் சொன்னால் வந்திருப்பார். ஆனால் வலிப்பு வந்த பெண்ணை மடியில் போட்டுக்கொண்டு மங்களம் காரணம் சொல்லிக்கொண்டிருப்பாளா?

இருந்தாலும் அன்றைக்குச் சாயங்காலம் தந்திக் காகிதத்தில் எழுதிவிட்டேன்: "நல்ல வீடு. காய்ச்சல் இல்லை. புறப்படு." மூன்றும் பொய்யில்லை. அவள் கேட்ட ஒன்றைப் பற்றி மட்டும் அதில் வார்த்தையே இல்லை. பதினெட்டு வருஷம் கசப்பு மருந்துக்குச் சர்க்கரைப் பாகு ஊற்றிக் கொடுத்தவனுக்கு இது கஷ்டமா?

ஞாயிற்றுக்கிழமை காலை அந்தோணி பூசை முடித்து வேலைக்குப் போய்விட்டார். நான் மருந்துப் பையும் கோட்டுப் பையில் தந்தியுமாகத் தபாலாபீசுக்குப் புறப்பட்டேன். தபாலாபீஸ் இடது கைப் பக்கம். என் கால்கள் வலது பக்கம் திரும்பின. அடித்து முடித்துவிட்டால் பிறகு மாற்ற முடியாதே என்று அவற்றுக்குத் தெரிந்திருக்கும்போல. நடந்துகொண்டே போனேன். ஊர் முடிகிற இடத்தில் ஓர் ஓடை. ஓடைமேல் பாலம் கட்டிக்கொண்டிருந்தார்கள். இப்போதைக்கு இரண்டு பலகை. அதன்மேல் தவழ்ந்து அக்கரை சேர்ந்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

அக்கரையில் ஒரு கம்பம், அதாவது மலாய் பாஷையில் குக்கிராமம். பலகைச் சுவர், கீற்றுக் கூரை, பத்துப் பன்னிரண்டு வீடுகள். ஒரு வீட்டு வாசலில் கோலம். அடுத்த வாசலில் மலாய்க்காரர் மரக்கட்டைச் செருப்பு. அதற்கடுத்ததில் சிவப்புக் காகிதம் ஒட்டிய சீனர் வீடு. வெளியே யாரையும் காணோம். கோலம் போட்ட வீட்டுப் படியில் ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று உட்கார்ந்து அன்னாசித் துண்டைச் சப்பிக்கொண்டிருந்தது. வயிறு முன்னால் தள்ளியிருந்தது.

பொன்னம்பலம் பிள்ளைகளை நிறுத்தியதுபோல் எல்லாரும் நிறுத்துவார்கள் என்ற எண்ணம் எனக்குள் எப்படி வந்ததோ! பையைக் கீழே வைத்தேன். மண்டியிட்டேன். "கண்ணு, வயித்தைக் காட்டு" என்று இடது விலாவுக்குக் கீழே விரலை வைத்து அமுக்கினேன். கட்டி தட்டியது.

குழந்தை வீறிட்டது.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல என்னால் முடியாது. என் தலை அப்போது குனிந்திருந்தது. முதலில் விழுந்தது விளக்குமாறு. இரண்டாவது ஈரத்துணி, சோப்பு நுரையோடு. நிமிர்ந்து பார்த்தால், யாருமில்லாத கம்பத்தில் பதினோரு பேர்; கால் வைக்க இடமில்லை. ஒரு மலாய் அம்மாள் கையில் பாராங் என்கிற வெட்டுக்கத்தி. ஒரு சீன அம்மாள் கையில் பன்றிக்குக் கழனித்தண்ணீர் வைக்கிற வாளி. விளக்குமாறு பிடித்திருந்தவள் குழந்தையின் தாய். செங்கமலம் என்று பெயர். அது எனக்கு அப்போது தெரியாது.

"யாருய்யா நீ? பச்சப்புள்ள வயித்துல கை வைக்கிற? சொல்லு!"

நான் என்ன சொன்னேன்? பயத்தில் எனக்கு இங்கிலீஷ்தான் வந்தது. அது காரியத்தைக் கெடுத்தது.

"பாத்தியா, வெள்ளக்காரன் ஆளு! பாலத்துக்குத் தலை எடுக்க வந்திருக்கான்! பையைக் கொட்டுங்கடி!"

பாலம் கட்டினால் தூண் நிற்பதற்குக் குழந்தைத் தலையைக் கீழே வைக்க வேண்டும் என்று இந்த நாட்டில் ஒரு வதந்தி. எந்தப் பாலம் எழும்பினாலும் அதுவும் கூடவே எழும்புமாம். பையைக் கொட்டினார்கள். பை என்னைக் காப்பாற்றும் என்று நம்பியிருந்தேன். உள்ளிருந்து விழுந்தவை: ஒரு கத்தி, ஒரு கத்தரிக்கோல், ஒரு சுருள் கயிறு, வாயைக் கட்டத் தோதான வெள்ளைத் துணி, ஒரு சீசா மருந்து. நானே நீதிபதியாக இருந்தாலும் என்னைத் தூக்கில் போட்டிருப்பேன்.

"கயிறு! கத்தி! மயக்க மருந்து!" என்றாள் செங்கமலம். ஒவ்வொன்றுக்கும் ஒரு அடி.

"குயினைன் அம்மா, குயினைன்! காய்ச்சல் மருந்து! நான் டிரசர்!"

"டிரசரா? பாலத்துக் கிராணியக் கூட்டியாங்க. அவருக்குத் தெரியும் யாரு தலை எடுக்குற ஆளுன்னு."

பாலத்துக் கிராணி வந்தார். அந்தோணி! கொசு பஸ்ஸிலும் கப்பலிலும் வராத கண்ணீர் எனக்கு அப்போது வந்தது. அவரோ என்னைப் பார்த்ததும் மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடிக்கும் வரை ஒரு கையை நீட்டி, அடிப்பதை நிறுத்துங்கள் என்று சைகை காட்டினார். அதற்குள்ளும் இரண்டு விழுந்தன.

"இவரு நம்ம ஆளு லா! வீடு பாக்க வந்தவரு!"

"அப்ப பாலத்துக்குத் தலை?"

"சிமெண்டே இன்னும் வரல. தலைய வச்சு என்ன செய்ய?"

கூட்டம் யோசித்தது. காரணம் பொருந்தியது. மலாய் அம்மாள் பாராங்கை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போய், வாழையிலையில் ஏதோ பலகாரம் கொண்டுவந்து "மக்கான், மக்கான்" என்று நீட்டினார். சாப்பிடு என்கிறார். அடி வாங்கியவனுக்குப் பசி இருக்கும் என்று எப்படித் தெரிந்ததோ. செங்கமலம் என் கோட்டிலிருந்து ஈர்க்குகளைப் பொறுக்கினாள்.

"அடி பலமாப் பட்டுருச்சா?"

"இல்லையம்மா. நடுத்தரம்."

கோட்டிலிருந்து ஈர்க்கோடு தந்திக் காகிதமும் விழுந்தது. அந்தோணி எடுத்து வாசித்தார். மங்களம் சொன்னது அவருக்குத் தெரியும். மடித்து என் கையில் கொடுத்தார். நான் அதை நாலாகக் கிழித்து ஓடையில் போட்டேன்.

பிறகு தாய்மார்களே பிள்ளைகளை வரிசையில் நிறுத்தினார்கள். ஒன்பது வயிறு பார்த்தேன், மூன்றில் கட்டி. குளுவாங் டிரசர் சொன்ன கணக்குப்படி நான் மூட்டையைக் கட்டிக்கொண்டு ஓட வேண்டிய இடம். கடைசி வீடு காலியாகத்தான் இருந்தது. கூரையில் ஓட்டை வழியாக வானம் தெரிந்தது. பின்பக்கக் குட்டையில் கொசுப்புழு கும்மாளம் போட்டது.

அதன் ஓரத்தில் உட்கார்ந்து வெகு நேரம் யோசித்தேன். யோசித்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. என் நாடியை நானே எண்ணிக்கொண்டிருந்தேன். கூரைக்குக் கீற்று உண்டு. குட்டையை மண் போட்டு மூடலாம், மூடாததில் மண்ணெண்ணெய் தெளிக்கலாம். கொசுவலை வாங்கலாம். குயினைனுக்கு நானே அதிகாரி. காய்ச்சலுக்கு என்னிடம் மருந்து இருக்கிறது. கூப்பிட்டால் யாரும் வராத வீட்டுக்கு என்னிடம் மருந்து இல்லை.

திங்கட்கிழமை காலை தபாலாபீஸ். நான் எழுதியதைத் தமிழில் சொல்கிறேன்: "வீடு கிடைத்தது. கூப்பிட்டால் பதினோரு பேர் வருகிறார்கள். ஒருத்தி விளக்குமாற்றோடு. அடிபட்டுப் பார்த்தேன். கொசுவலை கொண்டு வா."

தந்தி குமாஸ்தா மூன்று தரம் வாசித்தார். "இது வியாபார ரகசிய பாஷையா, ஐயா?" என்றார்.

"குடும்ப பாஷை," என்றேன்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வரை பதிலில்லை. அன்னாசி விற்கிறவன் என் முகத்தைப் பார்த்து ஒரு துண்டு இனாம் கொடுத்தான். கப்பல் இடம் போய்விட்டது, அண்ணன் தடுத்துவிட்டார், மங்களம் தந்தியைப் படித்து எனக்குப் பைத்தியம் என்று முடிவு செய்துவிட்டாள் என்று வரிசையாக நினைத்து முடித்தபோது, டிஸ்பென்ஸரிக்குத் தந்தி வந்தது. பிரிக்கத் தைரியமில்லை. பையில் வைத்துக்கொண்டு கம்பத்துக்கு நடந்தேன். இந்தத் தடவை பலகையில் தவழாமல், உட்கார்ந்து நகர்ந்தே கடந்தேன். காலி வீட்டுக்குள் போய், கதவைச் சாத்தி, உறையைக் கிழித்தேன்.

அந்த நேரம் பார்த்து உத்தரத்திலிருந்து சாண் நீளத்துக்கு ஒரு பல்லி என் தோளில் தொப்பென்று விழுந்தது. நம் ஊர்ப் பல்லி இதற்குப் பேரனாக வேண்டும். நான் போட்ட கூச்சலில் திட்டமோ பரீட்சையோ எதுவுமில்லை. சுத்தமான கூச்சல்.

கதவு திறக்கவில்லை; கதவே விழுந்தது. விளக்குமாறு, பாராங், வாளி, பின்னால் மற்றவர்கள். பல்லி என்னைவிட அதிகமாகப் பயந்து கூரை ஓட்டை வழியாக ஓடிப்போயிற்று. நான் சுவரோரமாக நின்று எண்ணினேன். பதினொன்று. ஒருத்தர் குறையவில்லை.

"இதுக்கா கத்துனீங்க, டிரசர்?" என்றாள் செங்கமலம்.

பதிலுக்குத் தந்தியை எடுத்து உரக்க வாசித்தேன். "புறப்படுகிறோம். விளக்குமாற்றுக்காரியிடம் சாவித்திரியைப் பற்றிச் சொல்லி வையுங்கள்."

"நான்தானா அந்த விளக்குமாத்துக்காரி?" என்று சிரித்தவள், என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "யாரு சாவித்திரி?"

சொன்னேன். கிணற்றடியைச் சொன்னேன், ஒருக்களித்துப் படுக்க வைப்பதைச் சொன்னேன், வாயில் எதையும் திணிக்கக் கூடாது என்பதைச் சொன்னேன். அந்தோணி இல்லை, மலாயிலும் சீனத்திலும் சொல்ல எனக்கு வராது. செங்கமலம் தரையில் தானே ஒருக்களித்துப் படுத்து, கையை உதறிக் காட்டி, கொச்சை மலாயில் விளக்கினாள். மலாய் அம்மாள் அவள் தலைக்கடியில் தன் உள்ளங்கையை வைத்து, இப்படியா என்பதுபோல் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன்.

"புள்ள பேரு இன்னொரு தடவ சொல்லுங்க," என்றாள் செங்கமலம், எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு.

"சாவித்திரி."

அவள் வாசலுக்குப் போய், வீடுகளைப் பார்த்து அந்தப் பெயரை உரக்கச் சொன்னாள். மலாய் அம்மாள் அதைத் தன் வாய்க்கு ஏற்றபடி வளைத்து அடுத்த வீட்டுக்குச் சொன்னார். சீன அம்மாள் இன்னும் கொஞ்சம் வளைத்தார். நாகப்பட்டினத்தில் கப்பல் இன்னும் நங்கூரம் எடுத்திருக்காது. அதற்குள் என் மகளின் பெயர் மூன்று விதமாகக் கம்பத்தின் முதல் வீடு வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.